செத்தும் பாடம் நடத்திய சீதக்காதி

கனடாவின் மாண்ட்ரியல் நகரில் உள்ள கான்கார்டியா பல்கலைக்கழகத்தில், 2021 ஜனவரியில் ஒரு மாணவருக்கு விபரீத ஆசை வந்தது. இணையவழிக் கலை வரலாற்றுப் பாடத்தைக் காணொளியில் நடத்தும் பேராசிரியரிடம் ஏதோ கேட்க வேண்டும் என்று அவருடைய மின்னஞ்சல் முகவரியைத் தேடினார். கிடைத்தது இரங்கல் செய்தி. பேராசிரியர் பிரான்சுவா-மார்க் கான்யோன் 2019 மார்ச்சிலேயே காலமாகிவிட்டார்.

பாடத்துக்குப் பொறுப்பாக உயிரோடு வேறோர் ஆசிரியர் இருந்தார், மதிப்பெண் போட உதவியாளர்களும் இருந்தார்கள் என்பதையும் சொல்லிவிட வேண்டும். மறைந்தவர் மீது எந்தப் பழியும் இல்லை. கனடிய ஓவியக் கலையிலேயே வாழ்நாளைக் கழித்த அறிஞர் அவர். ஆனால் நிர்வாகத்தின் கண்ணால் பாருங்கள்: இவரைவிடச் சிறந்த ஊழியர் கிடைப்பாரா? விடுப்பு கேட்க மாட்டார். ஊதிய உயர்வு கேட்க மாட்டார். சங்கத்தில் சேர மாட்டார். முக்கியமாக, மாணவன் கேட்கும் கேள்வி அவர் காதில் விழவே விழாது. கட்டணம் மட்டும் உயிரோடு இருப்பவர்களிடம் வாங்கப்படும்.

இதைக் கண்டு கொதித்தவர்கள் உடனே எதிர் முகாமுக்கு ஓடுகிறார்கள். காணொளியே வேண்டாமாம், சுயமாகப் படிப்பதுதான் உயர்ந்த கல்வியாம். சரி, அந்தக் கடையில் என்ன விற்கிறது? சில பிடிஎஃப் கோப்புகள், ஒரு கடவுச்சொல், கூடவே “உங்கள் கல்விக்கு நீங்களே பொறுப்பு” என்ற உபதேசம். நானே பொறுப்பென்றால் பணத்தை மட்டும் உனக்கு எதற்கையா கட்ட வேண்டும்?

கற்பிக்காமலேயே பட்டம் தருவதை லண்டன் பல்கலைக்கழகம் 1858லேயே வெட்கமில்லாமல், ஆனால் நாணயமாகச் செய்தது. எங்கே வேண்டுமானாலும் படி, எப்படியும் படி, எங்கள் தேர்வில் தேறினால் பட்டம். கற்பித்ததாக அது பொய் சொல்லவில்லை. இன்றைய வியாபாரிகளோ தேர்வு வைக்கிற வேலையைச் செய்துவிட்டு, கற்பித்ததற்கும் சேர்த்துப் பில் போடுகிறார்கள்.

தொலைவிலிருந்தே உண்மையாகக் கற்பித்தவர்களும் உண்டு. பிரிட்டனின் திறந்தநிலைப் பல்கலைக்கழகம் 1971இல் மாணவர்களைச் சேர்த்தது முதல், பிபிசி தொலைக்காட்சியில் அதன் விரிவுரைகள் ஓடின; பிற்காலத்தில் விடியற்காலையிலும் நள்ளிரவிலும்கூட ஓடின. ஊரே அந்த விரிவுரையாளர்களின் தலைமுடியையும் சட்டைக் காலரையும் கிண்டல் செய்தது. 2006இல் அந்த ஒளிபரப்பு நின்றது. பல்கலைக்கழகம் இடிந்து விழுந்ததா? இல்லை. அதைத் தாங்கியது தொலைக்காட்சி அல்ல. அச்சிட்ட பாடநூலும், மாணவன் எழுதி அனுப்பிய கட்டுரையைப் படித்து, ஓரத்தில் “இது தவறு, ஏனென்றால்…” என்று எழுதித் திருப்பி அனுப்பிய ஆசிரியரும்தான். விரிவுரையை எடுத்தாலும் படிப்பு நிலைத்தது. அந்த ஆசிரியரை எடுத்துவிட்டு, காணொளியா சுயகற்றலா என்று பட்டிமன்றம் நடத்துவதைவிடப் பெரிய மோசடி கிடையாது.

நம் ஊரிலும் சட்டத்துக்குக் குறைவில்லை. இணையவழிப் பட்டத்துக்குப் பல்கலைக்கழக மானியக் குழுவின் (யுஜிசி) 2020 விதிமுறைகள் காணொளி, பாட எழுத்து, சுயமதிப்பீடு, விவாதம் என நான்கு அங்கங்களைக் கேட்கின்றன. கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. நடப்பதோ வேறு. காணொளி ஒலியடக்கப்பட்டு இரட்டை வேகத்தில் ஓடுகிறது, மாணவன் பக்கத்தில் சாப்பிட்டுக்கொண்டிருக்கிறான், திரையில் ‘முடிந்தது’ என்று பச்சைக் குறி விழுகிறது. அசைன்மென்ட்டுக்கு விடை எழுதி விற்கவே தனிச் சந்தை இருக்கிறது. எழுதாதவன் சமர்ப்பிக்கிறான், படிக்காதவர் மதிப்பெண் போடுகிறார். இரு தரப்புக்கும் பரம திருப்தி. ஏமாந்தது யார்? இரவு ஷிப்ட் முடித்துவிட்டு, கடன் வாங்கிப் பணம் கட்டி, உண்மையாகவே ஒரு பக்கம் எழுதி அனுப்பிய பெண். அவளுக்கும் வந்தது அதே பச்சைக் குறிதான். அவள் எழுதியதில் ஒரு வரியைக்கூட எவரும் படிக்கவில்லை. எனக்குக் கோபம் வருவது இந்த இடத்தில்தான்.

ஆகவே, சேருவதற்கு முன் காணொளி எத்தனை மணி நேரம், கைப்பேசிச் செயலி உண்டா என்றெல்லாம் விசாரித்துக்கொண்டிருக்காதீர்கள். தொலைபேசியில் தேனொழுகப் பேசும் அந்த விற்பனைக் குரலிடம் ஒன்றே ஒன்று கேளுங்கள்: நான் எழுதுவதைப் படித்து, தப்பைச் சுட்டி, எனக்குப் பதில் எழுதப்போகிறவர் யார்? பெயரைச் சொல்லச் சொல்லுங்கள். சொல்லாவிட்டால் பணம் கட்டாதீர்கள். சொன்னால், அவர் உயிரோடு இருக்கிறாரா என்பதையும் விசாரித்துக்கொள்ளுங்கள்.