துய்மா வீதிக்கு வழி கேட்டவர்கள்

கேள்வி: பிரெஞ்சுப் பெயர்கள் எங்கள் ஊர்க்காரர்கள் வாயில் தண்ணீராய் வருகின்றன. இங்கிலீஷ் மட்டும் ஏன் சிக்குகிறது? (முத்தியால்பேட்டை வாசகி)

பதில்: பிரெஞ்சு காது வழியாக வந்தது, இங்கிலீஷ் கண் வழியாக வந்தது. பிரெஞ்சு ராணுவத்தில் இருந்து பென்ஷன் வாங்குகிறவரைப் புதுச்சேரி 'சொல்தா' என்கிறது. அந்தப் பிரெஞ்சுச் சொல்லின் கடைசியில் ஒரு 'டி' உண்டு. எழுதுவார்கள், சொல்ல மாட்டார்கள். சொல்தாவிடம் கைமாற்று கேட்கப் போன பக்கத்து வீட்டுக்காரர் அந்த 'டி'யைக் கண்ணால் பார்த்ததே இல்லை. அதனால் உச்சரிப்பு பிசகவில்லை. துய்மா வீதியின் கடைசி 'எஸ்'ஸும் அப்படியொரு ஊமைதான். பலகையைப் படித்துவிட்டு 'டூமாஸ் எங்கே?' என்று கேட்பவர் வெளியூர்.

புதன்கிழமைக்கான இங்கிலீஷ் சொல்லோ நமக்குப் பள்ளிப் புத்தகத்தில் அறிமுகமானது. ஸ்பெல்லிங் மறக்காமல் இருக்க 'வெட்-நெஸ்-டே' என்று உருப்போட்ட பிள்ளை, பாட்டியான பிறகும் அப்படியே சொல்கிறது. காதில் விழுவது 'வென்ஸ்டே'.

கேள்வி: அப்படியானால் கடைசி எழுத்தை விழுங்கிவிட்டால் போதுமா? (லாஸ்பேட்டை வாசகர்)

பதில்: 'டூப்ளே' என்று நாகரிகமாக விழுங்குகிறவர்கள் இந்த ஊரில் நிறைய. கடற்கரையில் சிலையாக நிற்கும் அந்த கவர்னரைப் பிரெஞ்சுக்காரர்கள் 'துய்ப்ளெக்ஸ்' என்றுதான் சொல்கிறார்கள். பாரிஸில் அவர் பெயரில் உள்ள மெட்ரோ நிலையத்துக்கும் அதே 'க்ஸ்' உண்டு. எழுத்தை நம்பினாலும் மோசம், விதியை நம்பினாலும் மோசம்.

இங்கிலீஷில் விழுங்க வேண்டிய எழுத்து நடுவிலும் ஒளிந்திருக்கும். கடனைக் குறிக்கும் 'டெட்' பிரெஞ்சிலிருந்து போனது. போகும்போது அதில் 'பி' கிடையாது. லத்தீன் மோகம் பிடித்த பண்டிதர்கள் பின்னால் செருகினார்கள். ரசீதுக்கான 'ரிசீட்'டில் உள்ள 'பி'யும் அதே கைவரிசை. கடன் வாங்கினால் வட்டி கட்டலாம், அந்த 'பி'யையும் சேர்த்துக் கட்ட வேண்டாம்.

கேள்வி: எம்.எல்.ஏ.வை எல்லோரும் 'யெம்மெல்லே' என்கிறார்களே? (வில்லியனூர் வாசகர்)

பதில்: எட்டை 'யெட்டு' என்று சொல்லிப் பழகிய வாய் அது. சட்டசபைக்குத் தேர்ந்தெடுக்கப்படும் முப்பது பேருக்கும் சமமாக இந்த மரியாதை கிடைக்கிறது. தகராறு பேக்கரியில் வரும். கிழக்கும் 'ஈஸ்ட்', ரொட்டி மாவைப் பொங்க வைப்பதும் 'ஈஸ்ட்'. தமிழில் இரண்டும் ஒரே எழுத்து. இங்கிலீஷில் மாவுக்கான சொல் மட்டும் 'யீ' என்று தொடங்கும். இரண்டையும் மாற்றி மாற்றிச் சொல்லிப் பார்த்தால் நாக்கு எங்கே எழுகிறது என்று புரிந்துவிடும்.

கேள்வி: ஒலிகள் சரியாக வந்தும் வெள்ளைக்காரர்கள் 'என்ன?' என்று திரும்பக் கேட்கிறார்கள். (உழவர்கரை வாசகி)

பதில்: அழுத்தம். தமிழ்ப் பேச்சு அசைக்கு அசை முழு டிக்கெட் கொடுக்கும். இங்கிலீஷ் ஓர் அசைக்கு முழு டிக்கெட், மற்றவற்றுக்கு அரை டிக்கெட். அந்த முழு டிக்கெட்டும் ஒரே இடத்தில் நிற்காது: 'போட்டோகிராப்' என்றால் 'போ'வில், 'போட்டோகிராபர்' என்றால் 'டோ'வில், 'போட்டோகிராபிக்' என்றால் 'கிரா'வில். அழுத்தம் இடம் மாறினால் கேட்பவர் வேறு சொல்லைத் தேடப் போய்விடுகிறார்.

கேள்வி: இதற்கெல்லாம் சின்ன வயதிலேயே இங்கிலாந்து போயிருக்க வேண்டுமோ? (நெல்லித்தோப்பு வாசகர்)

பதில்: அரவிந்தர் போனார், 1879இல், ஏழு வயதில். 1893இல் திரும்பியபோது இங்கிலீஷ் அபாரம். தாய்மொழியான வங்காளத்தைத்தான் உட்கார்ந்து படிக்க வேண்டியிருந்தது. அந்த விலை கொடுக்க மனமில்லாதவர்கள், அரை நிமிட வானொலிச் செய்தியை, எழுத்து வடிவத்தைப் பார்க்காமல் ஐந்து தடவை கேட்டு, பிறகு கூடவே பேசி, போனில் பதிவு செய்து ஒப்பிடலாம். தன் குரலை முதல் தடவை கேட்கும்போது வரும் துக்கம் இரண்டு நாளில் ஆறும்.

கேள்வி: அமெரிக்க 'ஆர்' வர ஏதாவது குறுக்குவழி? (அதே வாசகர், பின்குறிப்பாக)

பதில்: நம் 'ழ' அதற்கு நெருங்கிய சொந்தம். பெரிய மார்க்கெட்டில் 'வாளப்பளம்' கேட்காமல் வாழைப்பழமே வாங்கி வந்தால், பாதி அமெரிக்கா வந்த மாதிரி.