லயத்தில் வீட்டோடு இருத்தல்: சுகாதார அமைச்சுக்கு ஒரு விளக்கக் குறிப்பு

பெறுநர்: சுகாதார அமைச்சு, சுவசிரிபாய, கொழும்பு 10.
பொருள்: ஊவா மாகாணத் தோட்டங்களில் ‘வீட்டில் இருங்கள்’ என்ற அறிவுறுத்தல். அடுத்த பெருந்தொற்றுக்கான சுற்றறிக்கை எழுதப்படும்போது பார்வைக்கு.

லயம் என்பது ஒரே கூரையின் கீழ் வரிசையாக அமைந்த காம்பிராக்களின், அதாவது ஒற்றை அறைகளின், தொகுதி. பதுளை, பசறை, மடுல்சீமை, அப்புத்தளைப் பக்கத்துத் தோட்டங்களில் இன்றும் நிற்பவற்றில் பல வெள்ளைக்காரத் துரைமார் காலத்தவை. ஒரு காம்பிராவின் அளவாகப் பொதுவில் சொல்லப்படுவது பத்தடிக்குப் பன்னிரண்டடி. முன்னால் ஓர் இஸ்தோப்பு. காலையில் பிரட்டுக்கு, அதாவது வேலைப் பிரிப்புக்கு, போய்ப் பொழுது சாயத் திரும்புகிறவர்கள் படுத்து எழும்பவே அது கட்டப்பட்டது. குடும்பம் முழுவதும் பகலில் உள்ளே இருக்கும் என்று கட்டியவர்கள் நினைக்கவில்லை. கொரோனாவுக்காக 2020 மார்ச் 20ஆம் திகதி மாலை நாடு முழுவதும் ஊரடங்கு போட்டவர்களும் அதை நினைத்ததாகத் தெரியவில்லை.

நல்லவேளையாக, குடும்பம் முழுவதும் உள்ளே இருக்க நேரவில்லை. தேயிலைத் தோட்டங்களுக்கு ஊரடங்கிலிருந்து விலக்கு கிடைத்தது. தொழிலாளி நிரை பிடித்துக் கொழுந்து பறிக்கலாம், மடுவத்தில் நிறுவைக்கு வரிசையில் நிற்கலாம். பறித்து முடித்து, பதுளை டவுனுக்குப் போய்க் கோதுமை மா வாங்கத்தான் முடியாது. கொழுந்துக் கூடையைக் கண்டால் வைரஸ் ஒதுங்கிப்போகும் என்று எந்த மருத்துவ நூலும் கூறவில்லை. ஆயினும் ஏற்பாடு முழுவதும் அந்த நம்பிக்கையில்தான் நின்றது. வேலைக்குப் போகாமல் இருக்கலாமே என்றால், அன்றைய அடிப்படை நாட்சம்பளம் 700 ரூபா, அதுவும் வேலைக்கு வந்ததாகப் பேர் விழுந்தால்தான். 1883இல் தொடங்கிய கொழும்புத் தேயிலை ஏலமோ 2020 ஏப்ரலில் கணினித் திரைக்கு மாறியது. தேயிலைத் தொழிலை வீட்டிலிருந்தே செய்யலாம் என்பது இதனால் நிரூபணமாயிற்று. பறிப்பது மட்டும்தான் பாக்கி.

அடுத்தது ஒரு மீட்டர் இடைவெளி. பத்துக்குப் பன்னிரண்டு காம்பிராவில் ஆறு பேரை மூவர் வீதம் இரண்டு வரிசையாக நிறுத்தினால் விதி நிறைவேறும். அதற்குக் கட்டில், துணிமூட்டை, சாமிப்படம் வைத்த மேசை எல்லாவற்றையும் வெளியே எடுக்க வேண்டும்; ஆறு பேரும் இரவு முழுக்க நின்றுகொண்டே இருக்க வேண்டும். படுத்தால் கணக்கு உதைக்கும். கைகழுவும் விதி இதைவிட எளிது: இருபது விநாடி போதும். பொதுப் பீலியில் வாளியோடு காத்து நிற்கும் நேரம் அதில் சேராது.

தனிமைப்படுத்தல் ஊவாவுக்குப் புதிதல்ல. வுஹானிலிருந்து கொண்டுவரப்பட்ட 33 மாணவர்களை 2020 பெப்ரவரியில் வைத்துப் பார்த்தது தியத்தலாவை இராணுவ முகாமில்தான். காரியம் ஒழுங்காகவே நடந்தது. அவர்கள் நலமாக வீடு திரும்பினார்கள். தோட்டத்து மக்களுக்கும் இதில் பரம்பரை அனுபவம் உண்டு. காலராவுக்கும் பிளேக்குக்கும் பயந்து, அவர்களுடைய பாட்டன் பூட்டன்மாரில் பலரைத் தமிழகக் கரையிலுள்ள மண்டபம் கேம்பில் நிறுத்திவைத்துச் சோதித்த பிறகே கப்பலேற்றினார்கள். ஆனால் கேம்ப் வேறு, லயம் வேறு. ஒரு காம்பிராவின் கதவில் தனிமைப்படுத்தல் அறிவித்தலை ஒட்டுவது சுலபம். என்றாலும் பழைய லயங்கள் பலவற்றில் நடுச்சுவர் கூரையைத் தொடுவதில்லை. ஒரு வீட்டு அடுப்புப் புகை அடுத்த வீட்டுக் கண்ணை எரிக்கும். இருமலும் அதே வழியில்தான் போகும். நோயாளிக்குத் தனி அறையும் தனிக் கழிப்பறையும் ஒதுக்கச் சொல்லும் அறிவுரையை, பல குடும்பங்களுக்கு ஒரு கழிப்பறை உள்ள இடத்தில் தமிழில் வாசித்தாலும் விளங்காது.

கொழும்புக் கடைகளில் வேலை செய்யும் தோட்டத்துப் பிள்ளைகளின் நிலை இன்னும் நூதனமானது. 2020 நவம்பர் 14 தீபாவளி. அதற்கு முன்னமே மேல் மாகாணத்தை விட்டு வெளியேறத் தடை வந்தது. வீட்டில் இருக்கச் சொன்ன அரசு, வீட்டுக்குப் போகவும் கூடாது என்றது. நோயை ஊருக்குக் கொண்டுபோகக் கூடாது என்பது நியாயமான காரணம். கடை பூட்டியிருக்கும்போது கடைப் பொடியன் எங்கே படுப்பான், யார் சோறு போடுவார் என்பதைச் சொல்ல அறிவித்தலில் இடம் போதவில்லை போலும்.

கடைசியாகக் கல்வி. பாடசாலைகள் மூடப்பட்டதும் பாடங்கள் கைப்பேசிக்கு வந்தன. வீட்டில் உள்ள ஒரே போன் அப்பாவோடு மலைக்குப் போய்விட்டால் வகுப்பும் மலைக்குப் போய்விடும். போன் வீட்டில் இருந்தால் சிக்னல் இருக்காது. 2021இல் லுணுகலைப் பக்கத்துப் பிள்ளைகள் பெரியவர்களின் துணையோடு காட்டுக்குள் நடந்து, மலையுச்சி மரமொன்றில் கட்டியிருந்த பரணில் ஏறிப் பாடத்தைப் பதிவிறக்கினார்கள். வீட்டிலிருந்து கற்றல் என்ற திட்டத்தின்படி அதுவும் வீட்டிலிருந்து கற்றதாகவே கணக்கு. இந்தக் குறிப்பு மின்னஞ்சலில் வராமல் தபாலில் வருவதற்கும் அந்தச் சிக்னல்தான் காரணம். மழைக்காலத்தில் பரணில் ஏற முடியாது.