சிரிப்புக் குத்தும் எண்வகை மெய்ப்பாடும்: ஓர் ஆய்வு

'தி ஃபியர்லெஸ் ஹைனா' 1979இல் ஹாங்காங்கில் வெளிவந்தது. ஜாக்கி சான் இயக்கிய முதல் படம். சீனத் தலைப்பு 'சிரிக்கும் குத்து, விசித்திர அடி' என்று பொருள்படும். படம் ஏன் பிடித்தது என்று கேட்டால் பாமரர் "செம சிரிப்பு" என்பார். இரண்டே சொல்லில் முடிந்துவிடுவதால் இதை ஆய்வுலகம் ஏற்பதற்கில்லை.

கதை: தாத்தாவைக் கொன்றவனைப் பேரன் பழிவாங்குகிறான். வில்லன்: கெட்டவன். சவப்பெட்டிக் கடைக் காட்சி: தனி நூலாக வரும்.

இனி முதன்மைப் பொருள். கதாநாயகன் இறுதியில் கற்கும் வித்தை, உணர்ச்சிகளையே ஆயுதமாக்குவது. சிரித்துக்கொண்டு அடிக்கிறான், சினந்து அடிக்கிறான், தேம்பித் தேம்பி அழுதபடியும் அடிக்கிறான். இது தொல்காப்பிய மெய்ப்பாட்டியல் என்பதை முதலில் கண்டவர் இக்கட்டுரையாளர் (காண்க: இக்கட்டுரை, இவ்வரி). மெய்ப்பாடு என்பது மெய்யில் படுவது. குங்ஃபூவில் மெய்யில் படுவது முட்டி. இதற்கு மேல் சான்று கேட்பவர் தமிழ்ப்பகைவர்.

இருப்பினும் தருவோம். அழுகைக்குரிய நிலைக்களன்களுள் ஒன்று இழவு: தாத்தா போகிறார். வெகுளிக்குரியவற்றுள் ஒன்று கொலை: அதே தாத்தா. உவகைக்கு விளையாட்டு: படத்தின் முன்பாதி. நகைக்கு மடன்: தாத்தா ஒளித்துவைக்கச் சொன்ன வித்தையைப் பேரன் காசுக்குக் கற்றுக்கொடுக்கிறான் (மேலது). மெய்ப்பாடு எட்டு, ஆசானின் பட்டப்பெயரோ எட்டுக்கால் யூனிகார்ன். தற்செயல் என்போர் காலை எண்ணிப் பார்க்கட்டும் (மேலதின் மேலது, ஒப்புநோக்குக: கட்டுரையாளர் ஞாயிறு மதியம் ஈசிச்சேரில் தமக்குள் சொல்லிக்கொண்டது, அச்சேறாதது, தூக்கத்திற்கு முந்தைய பாடம்).

ஜாக்கி சான் சிறுவயதில் பத்தாண்டுகள் பீக்கிங் ஆபரா பள்ளியில் தங்கிக் குட்டிக்கரணமும் கம்புச்சண்டையும் முகபாவமும் சேர்த்தே பழகியவர், ஆகவே அழுகையும் அடியும் அவர் உடம்பில் ஒன்றாக வருகின்றன என்று சிலர் எளிய விளக்கம் கூறுவர். அது உண்மை. உண்மை என்பதால் மட்டும் ஒன்றை ஆய்வேட்டில் சேர்க்க இயலாது.

சோற்றுக்குச்சிக் காட்சியையும் விட முடியாது. ஒரு துண்டு உணவுக்காக ஆசானும் சீடனும் குச்சிகளாலேயே போரிடுகிறார்கள். இதைச் சண்டைப் பயிற்சி என்பது மேலோட்டமான வாசிப்பு. சீடன் முயன்று பிடித்ததை நெறியாளர் தம் தட்டுக்கு மாற்றிக்கொள்ளும் நிகழ்வு பல்கலைக்கழக வளாகங்களில் ஆவணப்பட்டதே. அங்கே சீடன் திருப்பி அடிப்பதில்லை. அதனால்தான் முனைவர் பட்ட மாணவர்கள் இக்காட்சியைத் திரும்பத் திரும்பப் போட்டுப் பார்க்கிறார்கள்.

எஞ்சிய நான்கில், அழுதுகொண்டே உதைப்பவனைக் கண்ட வில்லனுக்கு மருட்கையும் அச்சமும் போயின. பெருமிதம் கட்டுரையாளருக்கு. இளிவரலை மட்டும் இன்னும் தேடிக்கொண்டிருக்கிறோம். புறத்தேர்வாளர் இதைப் படித்து முடிக்கையில் அவர் முகத்திலேயே கிடைத்துவிடும் போலிருக்கிறது.