மாடு ரிப்பேர்

உலகத்தைச் சுற்றி ஓடுகிறவர்களைப் பற்றிக் கருத்துச் சொல்ல நாமும் உலகத்தைச் சுற்றியிருக்க வேண்டும் என்று சட்டம் எதுவும் கிடையாது. எங்கள் வீட்டில் ‘தி அமேசிங் ரேஸ்’ பார்த்தவர்களில் பாஸ்போர்ட் வைத்திருந்தவர் சித்தப்பா ஒருவர்தான். அதுவும் பேங்கில் அடையாளத்துக்கு ஆகும் என்று எடுத்தது. ஒரு பக்கத்திலும் முத்திரை கிடையாது. ஆனாலும் விமானத்தை எப்படிப் பிடிப்பது, டாக்ஸிக்காரரிடம் எப்படிப் பேசுவது, மூட்டையில் எதை எடுப்பது, எதை விடுவது என்று அமெரிக்கர்களுக்குச் சொல்லித்தர எங்களிடம் ஏராளமாக விஷயம் இருந்தது.

பார்க்காதவர்களுக்காகச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 2001 செப்டம்பர் 5 அன்று அமெரிக்காவில் சி.பி.எஸ். சேனலில் தொடங்கிய போட்டி இது. இரண்டிரண்டு பேராக ஓடுவார்கள். உறைக்குள் குறிப்பு இருக்கும். அதைப் படித்து, ஏதோ ஒரு நாட்டுக்குப் போய், சொன்னதைச் செய்துவிட்டு, ஒரு பாயில் வந்து நிற்க வேண்டும். கடைசியாக வருகிறவர்கள் பெரும்பாலும் வீட்டுக்குப் போவார்கள். கையில் போன் கிடையாது, காசும் அளந்துதான். முதல் பரிசு பத்து லட்சம் டாலர். பாயின் பக்கத்தில் பில் கியோகன் என்ற நியூசிலாந்துக்காரர் ஒரு புருவத்தைத் தூக்கிக்கொண்டு நிற்பார். அந்தப் புருவம் இறங்குவதற்குள் நமக்கு உயிர் போய்விடும். சிறந்த போட்டி நிகழ்ச்சிக்கான எம்மி விருதைப் பத்து முறை வாங்கியிருக்கிறார்கள். நம் ஊரில் ஏ.எக்ஸ்.என். சேனலில் வந்தது.

எங்கள் வீட்டுக்கு இது பிடித்துப்போனதற்குக் காரணம் ஈபிள் டவரும் பிரமிடும் அல்ல. ஓடுகிறவர்கள் கணவன் மனைவி, அக்கா தங்கை, அப்பா மகள், கல்யாணம் நிச்சயமாகாத காதலர்கள் என்று ஜோடி ஜோடியாக வருவார்கள். உறவுக்காரர்கள் சண்டை போட்டால் நமக்கு சப்டைட்டில் வேண்டாம். அத்தைக்கு இங்கிலீஷ் தெரியாது. எங்கள் எல்லோரையும்விட அவர் சொன்னதுதான் அதிகம் பலித்தது. பெயர்களும் அவருக்குத் தேவையில்லை. ‘தலையைப் பரப்பிக்கிட்டு வர்ற பொண்ணு’, ‘புருஷனுக்குத் தண்ணி கொடுக்காதவ’ என்று அவரே பெயர் வைத்துக்கொள்வார்.

மூன்றாவது சீசனில் ஃப்ளோ என்ற பெண் வியட்நாமில் உடைந்துபோய் அழுதார். இனி முடியாது, நான் வரவில்லை என்று புலம்பினார். கூட ஓடிய ஸாக் என்ற நண்பர் பொறுமையாகச் சமாதானம் சொல்லிச் சொல்லி இழுத்துக்கொண்டு போனார். கடைசியில் அவர்களே ஜெயித்தார்கள். இந்தப் போட்டியில் ஜெயித்த முதல் பெண் அவர்தான். ஆனால் பார்த்தவர்களில் பாதிப் பேருக்கு அது பொறுக்கவில்லை. ஸாக்குக்கு மட்டும் பரிசைக் கொடுங்கள் என்கிற அளவுக்குக் கோபம். என் மனைவி வேறு கட்சி. “நாலு நாள் தூக்கமில்ல, சாப்பாடு இல்ல, முகத்துக்கு நேரா கேமரா. அழாம என்ன செய்வா? நாம கும்பகோணம் கல்யாணத்துக்குப் போயிட்டு வர்றதுக்குள்ள எத்தனை பேர் அழறோம்!” என்றாள். எனக்கும் அதே எண்ணம்தான். ஒரு நாள் முழுக்க ஓடியதை வெட்டி ஒட்டி நம் முன்னால் வைக்கிறார்கள். அழுத நிமிஷம் மிஞ்சும், நடந்த மணிக்கணக்கு போய்விடும். இதை நான் சொன்னபோது ஒருவரும் காதில் வாங்கவில்லை. அப்போது விளம்பரம் முடிந்துவிட்டது.

ஐந்தாவது சீசன் வந்த பிறகுதான் வீடு இரண்டாகப் பிரிந்தது. காலின், கிறிஸ்டி என்று ஒரு காதல் ஜோடி. காலினுக்குக் கால் வேகம், வாய் அதைவிட வேகம். தான்சானியாவில் டாக்ஸி கூலித் தகராறில் பேசிய காசுக்கு மேல் தரமாட்டேன் என்று நின்று, விஷயம் போலீஸ் ஸ்டேஷன் வரை போய்விட்டது.

“பையன் கேக்கறதுல என்ன தப்பு? பேசின காசுக்கு மேல எதுக்குக் கொடுக்கணும்?” என்றார் சித்தப்பா. எழும்பூர் ஸ்டேஷன் வாசலில் அவர் ஆட்டோக்காரர்களுடன் நடத்திய பேச்சுவார்த்தைகள் எங்கள் குடும்பத்தில் பிரசித்தம்.

“உழைச்சவன் கேக்கறான், கொடுத்துட்டுப் போயேன். கோடி ரூபாய்க்கு ஓடறவன் அம்பது ரூபாய்க்கு நிக்கறான்” என்றார் அத்தை.

“அக்கா, அது ரூபாய் இல்ல, டாலர்.”

“எந்தக் காசா இருந்தா என்ன? அந்த டிரைவர் மூஞ்சியப் பார்த்தியா நீ?”

நாங்கள் யாரும் டிரைவரின் முகத்தைப் பார்க்கவில்லை. அத்தை அதை மட்டும்தான் பார்த்திருக்கிறார். அன்றிலிருந்து எனக்கு ஒரு முடிவு உண்டு: போட்டியாளரைப் பற்றி அபிப்பிராயம் சொல்ல ஏற்ற இடம் டாக்ஸியின் பின்சீட்டுதான். மலையேறும்போதும் கயிற்றில் தொங்கும்போதும் எல்லோரும் ஒரே மாதிரிதான் இருக்கிறார்கள். பயம் வந்தால் கடவுள், இறங்கினால் கைதட்டல். பின்சீட்டில் அப்படி இல்லை. ஓட முடியாது, இறங்க முடியாது, வழி தெரியாது, டிரைவருக்கு இங்கிலீஷ் தெரியாது. உடனே என்ன செய்வார்கள் தெரியுமா? அதே இங்கிலீஷை உரக்கப் பேசுவார்கள். சத்தமாகச் சொன்னால் அர்த்தம் புரிந்துவிடும் என்ற நம்பிக்கை அமெரிக்காவிலும் இருக்கிறது என்பதில் எங்களுக்கு ஒரு திருப்தி.

அதே காலினை பிலிப்பைன்ஸில் சேற்று வயலில் இறக்கிவிட்டார்கள். மாட்டைப் பூட்டி உழுது, மண்ணுக்குள் புதைத்த குறிப்பைக் கண்டுபிடிக்க வேண்டும். மாடு இரண்டு எட்டு வைத்தது, நின்றது. நின்றது நின்றதுதான். காலின் கத்தினார், கெஞ்சினார், கடைசியில் தன் மாடு ‘ரிப்பேர்’ என்று கூவினார். கார் நின்றுவிட்டால் சொல்வோமே, அந்தத் தோரணையில். உலகம் முழுக்க அந்த நிகழ்ச்சியைப் பார்ப்பவர்கள் இன்றுவரை அதைச் சொல்லிச் சிரிக்கிறார்கள். அத்தை சிரிக்கவில்லை. நாற்காலியில் முன்னுக்கு வந்து உட்கார்ந்துவிட்டார்.

“மாடு நல்லாத்தாண்டா இருக்கு! மேழியை அப்படிப் போட்டு அழுத்தினா அது எப்படி நகரும்? தூக்கிப் பிடி. தூக்கிப் பிடிடா! ஒரு தட்டுத் தட்டி ‘ஹை’னு சொல்லேன்.”

திருவாரூர் பக்கம் மாமா வயலில் ஏர் பூட்டியதைப் பார்த்து வளர்ந்தவர். டி.வி.க்குள் கையை விட்டு மேழியை வாங்கிவிடுவாரோ என்று எனக்குப் பயம்.

காலின் ஜோடி அந்த முறை இரண்டாவதாக வந்தது. 2019-ல், 31-வது சீசனில், திரும்ப வந்தார்கள். ஆள் அடியோடு மாறியிருந்தார். மூச்சை இழுத்து விடுவது, கோபம் வந்தால் கண்ணை மூடுவது, தோற்றாலும் சிரிப்பது. அந்த முறை ஜெயித்தும்விட்டார்கள். அன்று திட்டியவர்கள் எல்லாம் இப்போது பக்தர்கள். அக்கா பையன் லேப்டாப்பில் போட்டு அத்தையிடம் காட்டி, “பாட்டி, இவர்தான் அந்த மாட்டுக்காரர். எப்படித் திருந்திட்டார் பாருங்க” என்றான். அத்தை கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு பார்த்துவிட்டு, “அந்த மாட்டுக்கிட்ட மன்னிப்புக் கேட்டானா?” என்றார்.

ஏழாவது சீசனில் ராப், ஆம்பர் என்று ‘சர்வைவர்’ நிகழ்ச்சியில் ஏற்கெனவே பிரபலமான ஜோடி வந்தது. அர்ஜென்டினாவில் நான்கு பவுண்டு சுட்ட இறைச்சியைத் தின்று முடிக்க வேண்டும். ராப்பால் முடியவில்லை. முடியாது என்று சொன்னால் நான்கு மணி நேரம் தண்டனை. தனியாகத் தண்டனை வாங்கினால் கடைசியாகப் போய்விடுவோம் என்று கணக்குப் போட்டு, பக்கத்தில் தின்றுகொண்டிருந்தவர்களையும் பேசிப் பேசியே தட்டை வைக்கச் செய்துவிட்டார். அக்கா பையன் எழுந்து நின்று கைதட்டினான். “மாமா, இதுக்குப் பேருதான் மூளை!” என் மனைவி, “இந்த ஆள் எங்க ஆபீஸ்ல மூணாவது டேபிள்ல இருக்கான். லீவு போடும்போது தனியாப் போடமாட்டான்” என்றாள். சைவக் குடும்பமாதலால் நான்கு பவுண்டு என்றால் எவ்வளவு என்ற விவாதத்தில் மட்டும் யாரும் கலந்துகொள்ளவில்லை.

அதே சீசனில் உச்சென்னா, ஜாய்ஸ் என்ற தம்பதி. இந்தியாவுக்கு வந்தபோது, மொட்டை அடித்துக்கொண்டால் மற்ற வேலைகளை எல்லாம் தாண்டி நேரே பாய்க்குப் போகலாம் என்று ஒரு வழி வைத்திருந்தார்கள். ஜாய்ஸ் உட்கார்ந்துவிட்டார். முடி விழ விழக் கண் கலங்கியது, ஆனால் எழுந்திருக்கவில்லை. அத்தை கன்னத்தில் போட்டுக்கொண்டார். “முடி இறக்கிட்டாடா. இனி அவளுக்குத்தான்.”

“அத்தை, அது போட்டி. வேண்டுதல் இல்ல.”

“அவளுக்கு இல்ல. சாமிக்குத் தெரியுமா அது?”

சாமிக்குத் தெரிந்திருக்கவில்லை. கடைசிக் கட்டத்தில் போர்ட்டோ ரிக்கோவில் விமானக் கதவைச் சாத்திய பிறகு ஓடிவந்த இந்தத் தம்பதிக்காகக் கதவைத் திரும்பத் திறந்தார்கள். ரயில்வேயில் வேலை பார்த்த சித்தப்பா இதை இன்றுவரை மன்னிக்கவில்லை. “கார்டு கொடி காட்டினப்புறம் வண்டி நிக்கலாமா? அப்புறம் டைம்டேபிள் எதுக்கு?” மயாமியில் இறங்கி முடிவிடத்துக்குப் பக்கத்தில் வந்தால் டாக்ஸிக்குக் கொடுக்கக் காசு இல்லை. பத்து லட்சம் டாலர் கண்ணெதிரே இருக்கிறது, ராப் ஜோடி எந்த நிமிஷமும் வந்துவிடலாம். டிரைவரை அப்படியே விட்டுவிட்டு ஓடவில்லை. தெருவில் போவோர் வருவோரிடம் கேட்டுச் சேர்த்து, கூலியைக் கொடுத்துவிட்டுத்தான் ஓடினார்கள். ஜெயித்தார்கள். அத்தை எங்களைத் திரும்பிப் பார்த்த பார்வையில் தான்சானியாக் கணக்கும் சேர்ந்தே தீர்ந்தது.

அந்தக் காலத்தில் கடைசியாக வந்தும் வெளியேறாமல் தப்பிக்கிற ஜோடியிடம் இருந்த காசை எல்லாம் பிடுங்கிக்கொண்டு விடுவார்கள். ஏழை நாடுகளில் அமெரிக்கர்கள் போய்க் கையேந்துவார்கள். பார்க்க எனக்குக் கூச்சமாக இருக்கும். அன்றாடம் சம்பாதிக்கிறவர் பையில் கையை விட்டு எடுத்துக் கொடுப்பார். நல்லவேளை, பிறகு அந்தத் தண்டனையைக் கைவிட்டு வேறு வைத்துவிட்டார்கள்.

14-வது சீசனில் கிஷா, ஜென் என்ற சகோதரிகள் பெய்ஜிங்கில் பாய்க்கு ஓடும் வழியில் ஜென் கழிப்பறைக்குள் போனார். அந்த இடைவெளியில் போட்டியே போய்விட்டது. அவசரம் யாருக்கும் வரும், பாவம் என்று நான் சொல்லி வாயை மூடுவதற்குள் வீட்டில் மூன்று குரல் ஒன்றாக எழுந்தது: “கிளம்பும்போதே போயிட்டு வந்திருக்க வேண்டியதுதானே!” அந்தச் சகோதரிகள் 18-வது சீசனில் திரும்ப வந்து ஜெயித்தார்கள் என்பதையும் சொல்லிவிடுகிறேன், எங்கள் வீட்டின் அறிவுரையால்தான் என்பது சித்தப்பாவின் கட்சி. ஆனால் அவருடைய பொன்னான நாள், 15-வது சீசனில் கம்போடியாவில் ஒரு ஜோடி முதலில் வந்தும் பாஸ்போர்ட்டைத் தொலைத்ததால் வெளியேறிய நாள்தான். ஒன்றும் பேசாமல் எழுந்துபோய் பீரோவைத் திறந்து, தன் பாஸ்போர்ட்டை எடுத்துப் பார்த்துவிட்டு, திரும்ப வைத்துப் பூட்டிவிட்டு வந்து உட்கார்ந்தார்.

2006-ல் பத்தாவது சீசனில் போட்டி சென்னைக்கே வந்துவிட்டது. அந்த வாரம் போட்டியாளர்களை எங்கள் வீட்டில் யாரும் பார்க்கவில்லை. எல்லோரும் பின்னால் தெரிந்த கடைப் பலகைகளைப் படித்துக்கொண்டிருந்தோம். “அண்ணா நகரா?” “இல்ல, அது புரசைவாக்கம்.” “மரத்தைப் பாரு, அடையாறுடா.” இந்தச் சண்டையில் யார் முந்தினார்கள், யார் பிந்தினார்கள் என்பது காற்றோடு போயிற்று. டிரைவிங் ஸ்கூல் வண்டியில் உட்கார வைத்து நம் டிராஃபிக்கில் அவர்களை ஓட்டச் சொன்னார்கள். ஒருவர் ஸ்டீயரிங்கை இறுக்கிப் பிடித்துக்கொண்டு தன் கோட்டிலேயே நேராகப் போனார். “லேன்ல போறான் பாரு, இடிக்கப் போறான்” என்றார் சித்தப்பா. இன்னொரு இடத்தில் இரண்டில் ஒன்று செய்யலாம்: அரிசி மாவில் கோலம் போடலாம், அல்லது முதலைப் பண்ணைக்குப் போய் முதலையோடு மல்லுக்கட்டலாம். முதலையை விட்டுவிட்டு யார் கோலத்துக்குப் போவார்கள் என்று அக்கா பையன் கேட்டான். முதலையைப் பார்த்த பிறகும் யார் அங்கே நிற்பார்கள் என்று என் மனைவி கேட்டாள். அத்தை மட்டும் நிதானமாக, “முதலை சுலபம்டா. கோலத்துக்கு இடுப்பு ஒடிஞ்சுடும்” என்றார்.

இந்த நிகழ்ச்சி இந்தியாவுக்குப் பல முறை வந்திருக்கிறது, இன்னும் வரும். ஆகவே வாசகர்களுக்கு ஒரு வேண்டுகோள். ஒருநாள் நீங்கள் மயிலாப்பூரிலோ மதுரையிலோ நின்றுகொண்டிருக்கும்போது, முதுகில் மூட்டையும் பின்னால் கேமராவுமாக இரண்டு பேர் ஓடிவந்து, கையிலிருக்கும் சீட்டைக் காட்டி வழி கேட்கலாம். தெரிந்தால் சொல்லுங்கள். தெரியாவிட்டால் தயவுசெய்து தெரியாது என்று சொல்லிவிடுங்கள். ‘நேராப் போய் லெஃப்ட்ல திரும்பினா வந்துடும்’ என்று வலது கையைக் காட்டாதீர்கள். எதிரே இருக்கிற டீக்கடைக்கு அனுப்பிவையுங்கள். அங்கே சரியாகச் சொல்வார்கள்.