லுபுண்டுவில் கிம்ப் நிறுவுதல்: ஓர் உரைநெறி ஆய்வு

ஆய்வு நோக்கம்: பழைய மடிக்கணினி ஒன்றில் கிம்ப் மென்பொருளை ஏற்றி, ஒரு புகைப்படத்தை பாஸ்போர்ட் அளவுக்கு வெட்டுதல். இப்படி எழுதிக்கொடுத்தால் எந்தப் பல்கலைக்கழகமும் பதிவு செய்யாது. எனவே 'குறைவளக் கணினிச் சூழலில் மென்பொருள் நிறுவல்: கோட்பாடும் நடைமுறையும்' என்று கொள்க.

ஆய்வு எல்லை: லுபுண்டு இயங்குதளத்தின் 22.04 பதிப்பு. லுபுண்டுவின் வரலாற்றை, அதன் திரைமுகப்புச் சூழலை வைத்து, எல்.எக்ஸ்.டி.இ. காலம், 18.10 பதிப்பில் தொடங்கும் எல்.எக்ஸ்.கியூட்டி காலம் என இரண்டாகப் பகுப்பர். இடையில் ஒரு 'மருவிய காலம்' உண்டா என்ற வினா எழும். எழட்டும்.

முன்னாய்வுகள்: பல. படிக்கவில்லை, துணைநூற்பட்டியலில் சேர்த்தாயிற்று.

இயல் ஒன்று, சுட்டி நெறி: டிஸ்கவர் என்னும் மென்பொருள் கடையைத் திறந்து, கிம்ப் என்று தேடி, நிறுவும் பொத்தானை அழுத்தினால் வந்துவிடுகிறது. இவ்வளவு எளிதாக முடிவதில் ஆய்வுக்கு இடமில்லை என்பதால் இந்நெறி இத்துடன் கைவிடப்படுகிறது.

இயல் இரண்டு, முனைய நெறி: அறிஞர் உவப்பது இதுவே. 'சுடோ ஏப்ட் அப்டேட்' என்று ஒரு வரி, 'சுடோ ஏப்ட் இன்ஸ்டால் கிம்ப்' என்று மறுவரி. முதல் வரி எந்த மென்பொருளையும் ஏற்றாது. எது எந்தப் பதிப்பில் கிடைக்கும் என்ற பட்டியலை மட்டும் வாங்கி வைக்கும். அதை அடித்த உடனே கடவுச்சொல் கேட்கப்படும். தட்டத் தட்டத் திரையில் ஒரு புள்ளிகூட விழாது. புதியவர் விசைப்பலகை போய்விட்டது என்று நினைத்து அதைத் தட்டிப்பார்ப்பார். உரைகாரரோ இதை மௌனத்தின் அழகியல் என்பார். தட்டிவிட்டு என்டர் அழுத்தினால் போதும் என்று மட்டும் எந்த உரைகாரரும் சொல்லமாட்டார்.

சில வேளை பூட்டு கிடைக்கவில்லை என்று நிறுவல் கருவியான ஏப்ட் முனகும். பின்னணியில் தானியங்கிப் புதுப்பித்தல் ஓடிக்கொண்டிருக்கிறது என்று பொருள். பூட்டுக் கோப்பை அழித்துவிடு என்பது ஒருசாரார் கொள்கை. ஓடுகிற வேலை பாதியில் கெடும் என்பதால் அது கொள்ளற்பாலதன்று. ஒரு டீ குடித்துவிட்டு வருக.

பிறகு, கிம்ப்போடு வரவேண்டிய துணைப்பொதிகளை எல்லாம் ஏப்ட் வரிசையாக ஒப்பிக்கும். கல்யாணத்துக்கு ஒருவரைக் கூப்பிட்டால் வேன் நிறைய வந்து இறங்குவதுபோல. வட்டில் எவ்வளவு இடம் பிடிக்கும் என்பதையும் சொல்லிவிட்டு, தொடரலாமா என்று கேட்டு, சதுர அடைப்புக்குள் பெரிய ஒய்யும் சின்ன என்னும் காட்டி நிற்கும். பெரிய எழுத்தில் இருப்பதே இயல்புவிடை. வெறும் என்டரே 'ஆம்' ஆகும். சின்ன ஒய் அடித்தாலும் ஏற்கும். ஏற்கும் என்று தெரிந்த பிறகும் இது குறித்துக் கருத்தரங்கு நடத்தலாம். மதிய உணவு உண்டு.

இயல் மூன்று, பசு: ஏப்ட்டின் உதவிக்குறிப்பு, தனக்கு மகா பசு ஆற்றல் உண்டு என்ற அறிவிப்போடு முடிகிறது. இவ்வரி இடைச்செருகலா? அன்று. 'ஏப்ட் மூ' என்று அடித்தால் எழுத்துக்குறிகளால் வரைந்த பசு ஒன்று தோன்றி, இன்று நீ 'ம்மா' என்றாயா என வினவுகிறது. அகச்சான்று கிடைத்துவிட்டது. (விரிவுக்குக் காண்க: இவ்வாய்வாளரின் வெளிவராத கட்டுரை. அது விரிவுக்கு இக்கட்டுரையைக் காணச் சொல்கிறது.)

சிக்கல், ஏப்ட் போன்ற இன்னொரு நிறுவல் கருவியான ஆப்டிட்யூடில் தொடங்குகிறது. இது லுபுண்டுவில் தானாக இராது, தனியே நிறுவவேண்டும். எனவே மென்பொருள் நிறுவலை ஆராய இன்னொரு மென்பொருளை நிறுவினோம். 'ஆப்டிட்யூட் மூ' என்று கேட்டால், இந்நிரலில் ஒளித்துவைத்த குறும்பு ஏதும் இல்லை என மறுக்கிறது. 'மைனஸ் வி' சேர்த்துக் கேட்டால், மெய்யாகவே இல்லை என்கிறது. இரண்டு வி: முன்பே சொன்னேனே. மூன்று: நிறுத்து. நான்கு: ஒன்று காட்டினால் போய்விடுவாயா? ஐந்தாம் வியில் தோல்வியை ஒப்புக்கொண்டு, தொப்பி போன்ற ஓர் உருவை வரைகிறது. ஆறாம் வியில் விளக்கம்: பாம்பு விழுங்கும் யானை. செந்த் எக்சுபெரியின் 1943ஆம் ஆண்டு நூலான 'குட்டி இளவரச'னை அறிந்தோர்க்கு விளக்கம் வேண்டா.

மறுப்பு வாசகங்கள் ஐந்தும் மூலபாடமா, பாடபேதமா என்பதில் இரு தரப்பு உண்டு. ஒரு தரப்பு, தான் எழுதாத நூலின் மூன்றாம் தொகுதியில், இல்லாத பக்கமொன்றின் அடிக்குறிப்பின் அடிக்குறிப்பில், மறுதரப்பைப் பெயர் சொல்லாமல் தாக்கியுள்ளது. மறுதரப்பு அதை மேற்கோளாகக் கணக்குக் காட்டிப் பதவி உயர்வு பெற்றுவிட்டது.

மேலாய்வுக் களம்: நீக்கும்போது அமைப்புக் கோப்புகளை விட்டுவைக்கும் 'ரிமூவ்', அவற்றையும் வழித்தெடுக்கும் 'பர்ஜ்', இவ்விரண்டின் ஒப்பீடு. இது நெறியாளரின் மருமகனுக்கு ஒதுக்கப்பட்டுள்ளது, பிறர் தொடவேண்டாம்.