எங்கப்பாவை நிராகரித்த கம்பெனிக்கு

பெருமதிப்பிற்குரிய மனிதவளத் துறைத் தலைமை அவர்களின் சமூகத்துக்கு,

கோவை அவிநாசி சாலையில் வெயிலை ஊருக்கே திருப்பி அடித்துக்கொண்டு நிற்கும் தங்கள் கண்ணாடி மாளிகையிலிருந்து புறப்பட்ட நிராகரிப்புக் கடிதம் கிடைக்கப்பெற்றது. எனக்கு அல்ல, எங்கப்பாவுக்கு. ‘அன்புள்ள’ என்று போட்டு அவர் பெயரை எழுதி, தங்கள் ஆர்வத்துக்கு நன்றி, இந்த முறை வேறு விண்ணப்பதாரர்களைத் தேர்வு செய்திருக்கிறோம், மனம் தளர வேண்டாம் என்று அவருக்குத் தெரிவித்திருக்கிறீர்கள்.

அப்பாவுக்கு 71 வயது. சிவகிரிப் பக்கம் மஞ்சள் போடுகிறவர். வாழ்நாளில் ஒருத்தரிடமும் போய் வேலை கேட்டதில்லை. படித்துக் காட்டினேன். “நானெப்படா இவனுங்ககிட்ட வேல கேட்டேன்?” என்றார். வெற்றிலையைப் போட்டு மென்று முடித்துவிட்டு, “அப்படி என்ன கொறையக் கண்டானுங்களாமா?” என்றும் கேட்டார்.

முதல் கேள்விக்கு என்னிடம் பதில் இருந்தது. விண்ணப்பித்தது நான். தங்கள் படிவத்தில் ‘கடைசிப் பெயர்’ என்று ஒரு கட்டம், பக்கத்தில் சிவப்பு நட்சத்திரம். இனிஷியலைப் போட்டேன், குறைந்தது இரண்டு எழுத்து வேண்டும் என்றது. கூடவே ஒரு புள்ளி வைத்தேன். குறியீடுகளுக்கு அனுமதி இல்லை என்றது. கோயமுத்தூரில் கடை விரித்துவிட்டு இனிஷியலை ஏற்காத தங்கள் துணிச்சலை மெச்சியபடி அப்பா பெயரை முழுசாக அடித்தேன். அந்த நிமிடமே விண்ணப்பதாரர் அவராகிவிட்டார். பி.காம். படித்தவர் அவர், டேலி தெரிந்தவர் அவர், ‘இரண்டு வருடம் முன் அனுபவம்’ கேட்ட இடத்தில் பத்து வருடம் பம்ப் கம்பெனியில் கணக்கு எழுதியவரும் அவரே.

தங்கள் விளம்பரத்தையும் ஒரு வார்த்தை புகழாமல் இருக்க முடியாது. கணக்கு உதவியாளர் வேண்டும், டேலி, ஜிஎஸ்டி ரிட்டர்ன், டிடிஎஸ் தெரிந்திருக்க வேண்டும், சம்பளம் ரூ.18,000. அதற்குக் கீழே தடித்த எழுத்தில்: ‘வழக்கமான கவர் லெட்டர் வேண்டாம். உங்கள் படைப்பாற்றலால் எங்களை அசத்துங்கள்!’ ஐயா, கணக்குப் பிள்ளையிடம் படைப்பாற்றல் கேட்பவர்கள் இந்தியாவில் குறைவு. கேட்காமலே காட்டியவர்கள் உண்டு. 2009 ஜனவரி 7 அன்று சத்யம் கம்ப்யூட்டர்ஸ் தலைவர் ராமலிங்க ராஜு தன் இயக்குநர் குழுவுக்கு ஒரு கடிதம் எழுதினார். ரொக்கம், வங்கி இருப்பு என்று ஏட்டில் காட்டியதில் ரூ.5,040 கோடி கிடையவே கிடையாது என்று அதில் ஒப்புக்கொண்டார். கணக்குத் துறையில் அதற்கு மேல் அசத்தியவர் எவருமில்லை. ஆனால் அது வேலை கேட்ட கடிதம் அல்ல, ராஜினாமாக் கடிதம்.

இருந்தாலும் கேட்டுவிட்டீர்களே என்று எழுதினேன். துப்பறியும் கதை மாதிரி. ராஜ்கோட் சப்ளையர் ஒருவர் போட்ட பில் எங்கள் ஏட்டில் இருக்கிறது, ஜிஎஸ்டி தளம் காட்டும் 2பி பட்டியலில் காணோம். 2022 ஜனவரியிலிருந்து 2பி-யில் தெரியாத பில்லுக்கு வரி வரவு எடுக்க முடியாது. முதலாளி பணம் மாட்டிக்கொள்ளும். அந்தப் பில்லைத் தேடிப் போகிறான் கதாநாயகன். சப்ளையர் தாக்கல் செய்யாமல் விட்டாரா, அல்லது நம் ஜிஎஸ்டி எண்ணுக்குப் பதில் வேறு யார் எண்ணையோ போட்டு அவர் கணக்கில் ஏற்றிவிட்டாரா? கடைசியில் அது 2பி-யிலேயே இருக்கிறது, பில் எண்ணில் ‘ஓ’ என்ற எழுத்து இருக்க வேண்டிய இடத்தில் சைபர் உட்கார்ந்திருக்கிறது என்று கண்டுபிடிக்கிறான். எங்கள் கம்பெனியில் உண்மையாகவே நடந்ததுதான். எங்கப்பா நன்றாகவே எழுதியிருந்தார்.

அதைத் தங்கள் மாளிகையில் எவரும் வாசிக்கவில்லை என்பது மறுப்பு வந்த வேகத்திலேயே தெரிந்தது. விளம்பரத்தில் உள்ள சொற்கள் கடிதத்தில் இருக்கின்றனவா என்று ஒரு மென்பொருள் தேடியிருக்கும். ராஜ்கோட் பில்லை வைத்துக்கொண்டு அது என்ன செய்யும்? விவரம் தெரிந்த பையன்கள் விளம்பரத்தை அப்படியே நகலெடுத்து, கடிதத்தின் அடியில் வெள்ளை எழுத்தில் ஒட்டிவிடுகிறார்கள். கண்ணுக்குத் தெரியாது, மென்பொருளுக்குத் தெரியும். தாங்கள் கேட்ட படைப்பாற்றல் அதுதான் போலும்.

ஆதரவு கேட்டுக் கடிதம் எழுதுவது தமிழனுக்குப் புதிதல்ல. சீட்டுக்கவி என்று அதற்கு ஒரு வகையே வைத்திருந்தோம். 1919இல் பாரதியார் எட்டயபுரம் ஜமீன்தாருக்கு எழுதினார். சால்வை, பொற்பை, பல்லக்கு வரை கேட்டிருக்கிறார். தங்கள் படிவத்தில் ‘எதிர்பார்க்கும் சம்பளம்’ கட்டத்தில் அதை எழுதினால் எத்தனை எழுத்தில் நிற்கும் என்று தெரியவில்லை. ஒன்றும் கிடைக்கவில்லை அவருக்கு. ஆனாலும் அந்த ஜமீன்தார், 1898லேயே காலமாகிவிட்ட பாரதியின் அப்பா சின்னசாமி ஐயருக்கு ‘அன்புள்ள சின்னசாமி, மனம் தளர வேண்டாம்’ என்று ஓலை அனுப்பவில்லை. அந்த அளவுக்கு நாகரிகம் இருந்தது. அதற்கும் முன்னால் சங்கப் புலவர் பெருஞ்சித்திரனார், அதியமான் தன்னை நேரில் பாராமலே கொடுத்தனுப்பிய பரிசிலை வேண்டாம் என்று சொல்லிவிட்டார். பார்க்காமல் கொடுத்ததற்கே அந்தக் கோபம். தாங்கள் பார்க்காமலே இல்லை என்கிறீர்கள்.

எனக்காவது ஒரு வேலை இருக்கிறது. சரவணம்பட்டியில் ஓர் அறைக்கு நாலு பேராகத் தங்கி, ஊரிலிருந்து அம்மா அனுப்பும் காசில் சாப்பிட்டுக்கொண்டு, ராத்திரி முழுக்க உங்களை அசத்தக் கடிதம் எழுதும் பிள்ளைகளை நினைத்துப் பார்த்தீர்களா? படிக்கவே போவதில்லை என்றால் ஏன் எழுதச் சொல்கிறீர்கள்? பதினெட்டாயிரம் ரூபாய் கொடுப்பதற்கு முன்பே ஒரு மனிதனைக் குட்டிக்கரணம் போடச் சொல்லி, அவன் போடும்போது முகத்தைத் திருப்பிக்கொள்வதற்கு என்ன பெயர்? எவனோ ஒருவன் உங்கள் மகளை இப்படி நடத்தினால் சும்மா இருப்பீர்களா?

மன்னிக்க வேண்டும். சமூகத்தின் முன் குரல் சற்று உயர்ந்துவிட்டது. தங்கள் பெருந்தன்மை ஊரறிந்தது. சாட்சி வேண்டுமா? நேற்று இன்னொரு மின்னஞ்சல் வந்திருக்கிறது. எங்கப்பாவின் விவரங்களைப் பத்திரமாக வைத்திருக்கிறீர்களாம். அவர் திறமைக்குப் பொருத்தமாக ‘சோஷியல் மீடியா எக்சிகியூட்டிவ்’ இடம் ஒன்று காலியாம். கூடவே, விண்ணப்பித்த அனுபவம் எப்படி இருந்தது, ஐந்து நட்சத்திரத்துக்கு எத்தனை தருவீர்கள் என்ற கேள்வியும். ஒரு நட்சத்திரம் தாராளமாகத் தரலாம். ‘கடைசிப் பெயர்’ கட்டத்துக்குப் பக்கத்தில் உள்ள சிவப்பு நட்சத்திரத்தைக் கழற்றினால் அதுவே போதும்.

அப்பாவிடம் சொன்னேன். மஞ்சள் வேகவைத்துக் காய்கிற வரைக்கும் நகர முடியாது, அப்புறம் பார்க்கலாம், மத்தியானம் ஒரு மணி நேரம் படுக்க இடம் இருக்கிறதா என்று கேட்டுவை என்றார். கேட்டு எழுதவும்.

ஒருவேளை தவறிப்போய் என்னையே கூப்பிடத் தோன்றினால் 20ஆம் தேதிக்கு மேல் கூப்பிடுங்கள். அதுவரை ஜிஎஸ்டி 3பி ரிட்டர்ன் தாக்கல் வேலை இருக்கிறது.

இப்படிக்கு,
தங்கள் பணிவுள்ள முதற்பெயர்