வாத்தியார் சொன்ன மைலேஜ்

ஒரு ஆக்சிஜன் மூலக்கூறை வெளியே விட ஒரு செடி எத்தனை போட்டான் (ஒளித்துகள்) வெளிச்சத்தைச் செலவழிக்கிறது? ‘தெரிந்து என்ன ஆகப்போகிறது?’ என்பீர்கள். ஒரு ஜெர்மன்காரரும் ஒரு அமெரிக்கரும் இந்தக் கணக்குக்காக ஏறக்குறைய இருபது வருஷம் மல்லுக்கட்டியிருக்கிறார்கள். அதிலும் குருவும் சிஷ்யனும்!

குருவின் பெயர் ஓட்டோ வார்பர்க். முதல் உலகப்போரில் குதிரைப்படையில் இருந்தவரை, ‘ஆராய்ச்சிக்குத் திரும்பி வாருங்கள்’ என்று ஐன்ஸ்டைனே கடிதம் எழுதிக் கூப்பிட்டார். வந்தார். குதிரையேற்றத்தை மட்டும் விடவில்லை. 1931-ல் நோபல் பரிசும் வந்தது. இப்பேர்ப்பட்டவர், ‘ஒருவேளை நாம்தான் தப்போ?’ என்று யோசிப்பாரா? நீங்களே சொல்லுங்கள்.

அவருடைய ஆயுதம் மானோமீட்டர். சின்னக் கண்ணாடிக் குடுவையில் குளோரெல்லா என்ற பச்சைப் பாசி. குடுவையோடு வளைந்த குழாய், அதில் கலர் தண்ணீர். தண்ணீர்த் தொட்டிக்குள் குடுவையை ஆட்டிக்கொண்டே விளக்கைப் போட்டால், வாயு அழுத்தம் மாறிக் கலர் தண்ணீர் மில்லிமீட்டர் கணக்கில் நகரும். ஒரே ஒரு தொல்லை: நகர்த்தியது ஆக்சிஜனா, கார்பன் டை ஆக்சைடா என்று அது வாயைத் திறக்காது.

1920-களின் தொடக்கத்தில் வார்பர்க் அறிவித்தார்: நாலே போட்டான். அதாவது, சிவப்பு வெளிச்சத்தில் சுமார் 65 சதவீதம் வீணாகாமல் செடிக்குள் போகிறது. இயற்கை வீண்செலவு செய்யாது என்பதில் மனிதருக்கு அபார நம்பிக்கை. பைக் ஷோரூமில் ஒரு மைலேஜ் சொல்வார்களே, அந்த ரகம்.

ரோட்டில் ஓட்டிப் பார்த்தவர் ராபர்ட் எமர்சன். 1927-ல் பெர்லினில் இதே வார்பர்க்கிடம் டாக்டர் பட்டம் வாங்கியவர். 1930-களின் கடைசியில் சார்ல்டன் லூயிஸ் என்ற இயற்பியல்காரரோடு உட்கார்ந்து, வாத்தியாரின் மானோமீட்டரையே வாத்தியார் மேல் திருப்பினார். விளக்கைப் போட்ட முதல் சில நிமிஷங்களில் பாசி குபுக்கென்று கார்பன் டை ஆக்சைடைத் துப்புகிறது. வார்பர்க் அந்த ஏப்பத்தையும் ஆக்சிஜன் கணக்கில் எழுதியிருந்தார்! அதைக் கழித்தால், குறைந்தது 8. பல சமயம் 12 வரை.

எமர்சன் நல்ல மனுஷர். 1948-ல் வார்பர்க்கைத் தான் வேலை பார்த்த இல்லினாய்க்கே அழைத்தார். ஒரே ஊர், ஒரே பாசி, ஒரே கருவி. சில மாதம் தங்கியும் முடிவு? ஆளுக்கொரு விடை. அதோடு விட்டாரா வார்பர்க்? மேரிலாந்து போய் டீன் பர்க் என்ற ஆராய்ச்சியாளரோடு சேர்ந்து, ஒளி வினைக்கு ஒரே ஒரு போட்டான் போதும் என்று இறக்கினார். தள்ளுபடி விலை என்றாலும் ஒரு நியாயம் வேண்டாமா!

எமர்சன் 1957-ல், இரண்டு நிற வெளிச்சத்தைச் சேர்த்துக் கொடுத்தால் தனித்தனியாகக் கொடுத்த கூட்டுத்தொகையைவிட அதிகம் விளைகிறது என்று காட்டினார். செடிக்குள் இரண்டு எஞ்சின் ஓடுகிறது என்ற புரிதல் அங்கிருந்துதான் கிளம்பியது. ஒரு ஆக்சிஜன் மூலக்கூறுக்கு நாலு எலெக்ட்ரான் நகர வேண்டும், ஒவ்வொன்றுக்கும் எஞ்சினுக்கு ஒன்றாக இரண்டு போட்டான்: எட்டு! 1959-ல் நியூயார்க்கில் நடந்த விமான விபத்தில் அவர் போய்விட்டார்.

‘என் பக்குவத்தில் பாசியை வளர்க்கவில்லை, 10 சதவீதம் கார்பன் டை ஆக்சைடு கொடுக்கவில்லை’ என்பது எட்டு என்றவர்கள் மேல் வார்பர்க்கின் புகார். எமர்சனிடம் படிக்க அலகாபாத்திலிருந்து போன கோவிந்த்ஜியும் ரஜ்னி கோவிந்த்ஜியும், எமர்சனின் சகா ராபினோவிச்சும் சேர்ந்து, 1968-ல் அதே பக்குவத்தில் செய்து காட்டினார்கள். எட்டுக்குக் கீழே இறங்கவில்லை. 1970-ல் இறக்கும்வரை வார்பர்க்கும் இறங்கவில்லை.